கிண்ணத்தில் காட்டிய கட்டி

இல்லை, அது பொய். பிள்ளையைப் பெற்றுக் கொன்று புதைத்துவிட்டு ஓடிப்போனவள் கலாராணி என்று கீழ்ப்பக்கத்துப் பணிய லயத்து இராக்கம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அது முழுப் பொய். எங்கே புதைத்தாளாம்? வாழைக்கன்றுக்குக் கீழேயாம். யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. பின்னே எப்படித் தெரியுமாம்? மல்லிகைப்பூவை வைத்துத் தெரியுமாம். லயத்துக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடைக் கானில் வாடிப்போன மல்லிகைச் சரம் நாள் தவறாமல் கிடந்ததாம். பிறந்த பிள்ளை தங்காத வீட்டில்தானே அந்தப் பூவுக்கு வேலை என்கிறாள்.

பூ கட்டியது உண்மை. அதை ஒளிக்க வேண்டியதில்லை. பிள்ளை இறந்துபோனால் தாயின் மாரில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். அந்தப் பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவது நமக்குள் இருக்கிற வழக்கம்தான். அந்த வழக்கம் தெரிந்தவள் என்பதால் இராக்கம்மா ஒரு சரத்தைப் பார்த்து ஒரு கொலையையே கட்டிவிட்டாள். பிள்ளை உண்டாகாமலே ஒருத்திக்குப் பால் வரும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாததில் தப்பில்லை. எல்லாவற்றையும் காதால் கேட்ட பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லத்தான் வேண்டும். கேட்டுவிட்டு யார் மேல் துப்ப வேண்டுமோ துப்பிக்கொள்ளட்டும்.

கலாராணி நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். பேச்சுக் குறைவு, சிரிப்பு உண்டு, கை வேகம். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். மலையிலிருந்து இறங்கியதும், ஊற்றிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீரில் கை கால் கழுத்தெல்லாம் தேய்த்துக் கழுவாமல் அடுப்படிக்குள் போகமாட்டாள். இன்னொருவர் வாய் வைத்த கோப்பையைத் தொடமாட்டாள். யாராவது முற்றத்தில் காறித் துப்பினால் சாம்பலைப் போட்டு மூடிவிட்டு மறு வேலை பார்ப்பாள். மாமியார் நல்லம்மா அதைப் பார்த்து, "எம் மருமவ பங்களாவுல பொறந்திருக்க வேண்டியவ, வழி தெரியாம லயத்துக்கு வந்துட்டா" என்பாள். அதில் பாதி கேலி, பாதி பெருமை.

புருசன் கிருஷ்ணராஜ் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலை செய்தான். கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு அடிக்கிற ஆளும் இல்லை. யாராவது சத்தமாகப் பேசினால் சுவரைப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். வரிசையாகக் கட்டின லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அதில் மூன்று பேர். நான்காவதாக ஒரு பிள்ளை வரவேண்டும் என்று நல்லம்மா ஏறாத கோயில் இல்லை. கல்யாணமாகி வருசங்கள் போயும் வரவில்லை.

அப்படியிருக்கிற நாளில்தான் ஒரு மத்தியானம், மலையில் கொழுந்து நிறுக்க நிற்கும்போது, கலாராணியின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. மழையில்லை. வியர்வையும் இல்லை. ஒதுங்கிப் போய்ப் பார்த்தாள். பால்.

அவளுக்குப் பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. சாயங்காலம் மாமியாரிடம் மெதுவாகச் சொன்னாள். மாதக் குளிப்பும் நின்று போயிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சொன்னது அவ்வளவுதான். மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நல்லம்மா குடத்தை நிறையவிட்டு, வழியவிட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எம் மருமவ குளிக்காம இருக்கா. மாரியம்மா கண்ணத் தொறந்துட்டா."

"வயித்துல ஒண்ணுமே தெரியல மாமி. எனக்கென்னமோ அப்படித் தோணல" என்று கலாராணி சொல்லிப் பார்த்தாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? எங்க பரம்பரையில வயிறு பிந்தித்தான் காட்டும். கிருஷ்ணராஜ் வயித்துல இருக்கறப்ப எனக்கே தெரியாதே."

ஊறுகாய் வந்தது. பழம் வந்தது. இராக்கம்மாவும் ஒரு போத்தல் நார்த்தங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். மாதம் ஏறியது, வயிறு ஏறவில்லை. தலைவலி மட்டும் ஏறியது. நெற்றிக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அமுக்குகிற மாதிரி ஒரு வலி. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்தவர் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இரத்தம் எடுத்தார்கள். குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்துத் தலையைப் படம் பிடித்தார்கள். பிறகு ஒரு டொக்டரம்மா கலாராணியையும் கிருஷ்ணராஜையும் உட்காரவைத்துத் தமிழிலேயே சொன்னார்.

"தங்கச்சி, ஒங்க வயித்துல பிள்ளை இல்ல. மூளைக்குக் கீழ, மூக்குக்கு நேர் பின்னால, பயறு அளவுல ஒரு சுரப்பி இருக்கு. பிட்யூட்டரின்னு பேரு. அதுல ஒரு கட்டி வந்திருக்கு. பால் சுரக்கச் சொல்லி ஒடம்புக்குச் சொல்லிட்டே இருக்கிறது அந்தக் கட்டிதான். அதனாலதான் குளிப்பு நின்னுச்சு. பிள்ளை தங்காததுக்கும் அதான் காரணமா இருக்கலாம்."

"புத்துநோயா டொக்டர்?" என்று கேட்டாள் கலாராணி.

"புத்துநோய் இல்ல. அனேகமா ஒபரேஷனும் வேண்டாம். இந்த மாத்திரைக்கே சுருங்கிரும். ஆனா கிளினிக்குக்கு வராம விட்டுறாதீங்க. கண்ணுக்குப் போற நரம்பு அந்தக் கட்டிக்கு மேலதான் போகுது. வளந்தா நரம்ப அமத்தும். அப்ப மொதல்ல ரெண்டு பக்கத்துப் பார்வையும் போகும். நேரா இருக்கிறது தெரியும், பக்கத்துல வாரது தெரியாது. அப்படி ஆனா அன்னைக்கே வந்துரணும்."

எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார். "தொடக்கத்துல வயித்தப் பெரட்டும், தலை சுத்தும். ராவைக்குச் சாப்பிட்டுட்டு, படுக்கப் போறப்ப போடுங்க. போகப் போக பழகிரும்."

பஸ்ஸில் வரும்போது கலாராணிக்கு மனம் லேசாக இருந்தது. தன் மேல் எந்தக் குறையும் இல்லை, தலைக்குள் ஒரு பயறில் இருக்கிறது குறை. மாத்திரை போட்டால் சரியாகும். சரியானால் பிள்ளைகூடப் பிறக்கலாம். கிருஷ்ணராஜ் பெரகலவில் இருக்கிற அத்தானுக்குப் போன் போட்டு, "ஒண்ணும் பயமில்லயாம்" என்றுகூடச் சொன்னான்.

ஆனால் வீட்டில் இருந்தவள் நல்லம்மா. அவள் காதில் விழுந்தது மூளை, கட்டி என்ற இரண்டு வார்த்தை மட்டும். வயிற்றில் பிள்ளை என்று மூன்று லயத்துக்கும் சொன்னவள் இப்போது தலையில் கட்டி என்று எப்படிச் சொல்லுவாள்? அழுதாள். அழுது முடித்துவிட்டு, மாத்திரையைத் தானே கையில் வாங்கிக்கொண்டாள். ராவில் மருந்து குடித்துவிட்டுப் படுத்தால் நெஞ்சில் தங்கிவிடும் என்பது அவளுடைய கணக்கு. விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன், வெறும் வயிற்றில் சாயத்தண்ணியோடு கொடுத்தாள். கலாராணி டொக்டர் சொன்னதைச் சொன்னாள். "டொக்டரா ஒனக்குச் சோறு போடுறா?" என்றாள் நல்லம்மா.

மலையில் வெயில் ஏறியதும் கலாராணி தேயிலைச் செடிக்குள் மயங்கி விழுந்தாள். கூட வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கே நல்லம்மா மாத்திரையை அடுப்புக்குள் போட்டாள். கிருஷ்ணராஜ் பக்கத்தில்தான் நின்றான். நெருப்பு அதைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்கிலீசு மருந்து குடும்பத்துக்கு ஒத்துக்காது. நம்ம மொதலாளிகிட்ட போவோம்" என்றாள் நல்லம்மா.

மொதலாளி என்றது சிதம்பரநாதனை. பதுளை பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவர். அப்பா காலத்துக் கடை. சுக்கு, திப்பிலி, கடுக்காய், எல்லாம் நல்ல சரக்குத்தான். தடிமன் பிடித்தால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறோம், கேட்கிறது. வல்லாரைச் சம்பல் தின்று யாரும் கெட்டுப்போனதில்லை. இலையையும் வேரையும் இங்கே யாரும் பழிக்கவில்லை. ஆனால் சரக்கு விற்கிற மனிதரை நாலு பேர் வைத்தியர் ஐயா என்று கூப்பிட்டதும் அவர் அதை நம்பிவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, சந்தன வாசம். சொல்வதைத் தானும் நம்பிச் சொல்கிறவர். பொய்யென்று தெரிந்து சொல்கிறவனையாவது அடித்துத் துரத்தலாம்.

நல்லம்மா சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். கலாராணியின் கையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை.

"கட்டி மூக்குக்குப் பின்னாலதானே இருக்கு? பின்ன என்ன பயம். மூக்கு வழியாவே கரைச்சு எறக்கிருவோம். தலையில கத்தி வைக்க வேண்டியதில்ல."

"கத்தி வைக்கணும்னு டொக்டரும் சொல்லலங்க. மாத்திரைதான்" என்றாள் கலாராணி.

"இப்ப அப்படித்தான் சொல்லுவாங்க புள்ள. அப்பறம் மண்டையைப் பொளப்பாங்க. ஒண்ணு மட்டும் நினைவு வச்சுக்க. என் மருந்து உள்ள போறப்ப அந்த மருந்து வாசலுக்கும் வரக்கூடாது. ரெண்டும் ஒடம்புக்குள்ள சண்ட போடும்."

மாருக்கு மல்லிகைப்பூக் கட்டு. காலையும் மாலையும் கறுப்புக் கசாயம். அதற்கு மேல் மூக்குக்கு ஒரு சாறு. என்ன இலையோ, மிளகும் சேர்த்து இடித்துப் பிழிந்தது. உப்பில்லாப் பத்தியம். இவ்வளவும் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சாறு விட்ட கதையைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் கலாராணி பட்டது தெரியவேண்டும். இஸ்தோப்பில் வாங்குப் பலகையைப் போட்டு அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கிருஷ்ணராஜ் தோளைப் பிடித்துக்கொள்ள, நல்லம்மா இரண்டு மூக்கிலும் ஊற்றுவாள். நெருப்பு மூளை வரைக்கும் போகும். தொண்டையில் இறங்கிக் குமட்டும். பிறகு எழுந்து குனிந்தால், மஞ்சளும் பச்சையுமாகச் சளி கொழகொழவென்று இழுபட்டு விழும். நடுவில் இரத்த நூல் ஓடும். அதை நல்லம்மா தரையில் விழவிடமாட்டாள். நீல விளிம்பு வைத்த வெள்ளை இனாமல் கிண்ணத்தை நாடிக்குக் கீழே பிடித்துக்கொள்வாள். பிடித்துவிட்டு, விளக்குமாற்று ஈர்க்கால் கிளறிப் பார்ப்பாள்.

"இந்தா பாருடா தம்பி, நூல் நூலா வருது. கட்டிதான் இது" என்பாள் மகனிடம்.

"மாமி, அது சளி. கானுல ஊத்திருங்க" என்பாள் கலாராணி, கண்ணீரும் மூக்கும் ஒழுக.

"நீ வாய மூடு. இதுக்குள்ளதான் ஒன் உசுரு இருக்கு."

முற்றத்து எச்சிலுக்குச் சாம்பல் போட்டு மூடியவள், தன் மூக்கிலிருந்து வந்ததை மாமியார் குச்சியால் கிளறுவதை உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் கிண்ணம் அவள் சோறு சாப்பிட்ட கிண்ணம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் அவளுக்கு அந்த வாடைதான்.

அதற்குள் கானில் கிடந்த பூ வேலையைத் தொடங்கிவிட்டது. நல்லம்மா சொன்ன பிள்ளை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு, மல்லிகைச் சரம் விடை சொல்லிவிட்டது. இராக்கம்மா பீலியில் வைத்து நேராகவே கேட்டாள்.

"ஏன் நல்லம்மா, ஊறுகாப் போத்தலயாவது திருப்பித் தாயேன். புள்ளதான் இல்லன்னு ஆயிப்போச்சு."

"எம் மருமவளுக்குப் புள்ள இல்லடி. தலையில கட்டி. பெரிய டொக்டர் படம் புடிச்சுச் சொன்னது."

"தலையில கட்டின்னா தலையில கட்டணும் பூவ. மாருல எதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலையில் இருக்கிற கட்டி மாரில் பாலை வரவழைக்கும் என்று டொக்டர் சொன்னதை நல்லம்மாவால் விளக்க முடியவில்லை. அவளுக்கே அது விளங்கவில்லை. அந்த இடத்தில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மூடியிருந்த தட்டைத் திறந்து எல்லோர் மூக்குக்கும் நேரே நீட்டினாள்.

"இந்தா. பாத்துக்க. கரைஞ்சு வந்த கட்டி. கண்ணு நல்லாத்தானே இருக்கு? பாரு."

"சளியைக் காட்டிச் சத்தியம் பண்றியா?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள் இராக்கம்மா. ஆனால் கழுத்தை நீட்டிப் பார்க்கவும் பார்த்தாள். மற்றவர்கள் இன்னும் கிட்ட வந்தார்கள். "இல்லடி, கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கு." "நடுவுல செகப்பு தெரியுதே, கட்டியோட வேரா இருக்கும்."

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னால் கிண்ணம் வந்தது. நல்லம்மாவை இதற்கு மேல் திட்டினால் அது அநியாயம் ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பாவம், குடும்ப மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாள் என்பார்கள். சரி, மாத்திரை சுருக்குகிற கட்டியைப் பீலிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட முடியாதுதான். கிண்ணத்தைக் காட்டலாம். ஆகவே அவளுக்குக் கிண்ணம் வேண்டியிருந்தது. மருமகளுடைய கண்ணைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. மானமாம், மானம்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பால் வற்றியது. பூவோ, இறுக்கிக் கட்டிய கட்டோ, எதுவோ வேலை செய்தது. சட்டை நனைவது நின்றது. நல்லம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். சிதம்பரநாதன் கடையில் வருகிறவர்களிடமெல்லாம், "நமுனுகுலையில ஒரு புள்ளைக்கு மூளைக்கட்டியையே கரைச்சிருக்கேன்" என்று சொல்லத் தொடங்கினார். கலாராணிகூடக் கொஞ்ச நாள் நம்பினாள். பட்ட வேதனைக்கு ஏதாவது பலன் இருக்கவேண்டாமா? நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

ஆனால் தலைவலி நிற்கவில்லை. அதோடு சின்னச் சின்னதாக வேறு சிலது நடந்தது. தேயிலை நிரையில் நடுவில் இருக்கிற கொழுந்தை எல்லாம் பறித்துவிட்டு இரண்டு கரையையும் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். கங்காணி பின்னால் வந்து, "என்னம்மா, நடுவுல மட்டும் மொட்டையடிக்கிற. ஓரத்துக்கு வேற ஆள் வருமா?" என்றார். காம்பராவுக்குள் நுழையும்போது தோள் நிலையில் இடித்தது. பக்கத்தில் நடந்து வந்த இராக்கம்மா ஏதோ கேட்க வாயெடுத்து, இவள் திரும்பாமலே போனதும், "பூ வச்சவளுக்குத் திமிரும் ஏறிப்போச்சு" என்று இன்னொரு கதையைக் கட்டினாள். ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது கொழுந்து லொறி பிரேக் அடித்து அவள் முந்தானைக்குப் பக்கத்தில் நின்றது. டிரைவர் சிங்களத்தில் திட்டினான். சத்தம் வந்த பிறகுதான் அவளுக்கு லொறியே தெரிந்தது.

நேரா இருக்கிறது தெரியும், பக்கத்துல வாரது தெரியாது. டொக்டரம்மா சொன்ன அந்த வார்த்தை நடு ரோட்டில் அவள் காதில் கேட்டது.

கிருஷ்ணராஜிடம் சொன்னாள். அவன் அவள் முகத்துக்கு நேரே கையை நீட்டினான்.

"எத்தன வெரல்?"

"மூணு."

"இப்ப?"

"ரெண்டு. ஏங்க, நேரா காட்டாதீங்க. காதுக்குப் பக்கத்துல புடிச்சுப் பாருங்க."

"அதான் சரியாச் சொல்றியே. கண்ணு நல்லாத்தான் இருக்கு. சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காத" என்று சொல்லிவிட்டு, பெக்டரிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான். அவனுக்கு நிம்மதி வேண்டியிருந்தது, மூன்று விரலில் எடுத்துக்கொண்டான்.

சிதம்பரநாதனிடம் போன் போட்டுக் கேட்டதற்கு, "கட்டி கரையறப்ப அதோட புகை கண்ணுக்கு ஏறும் புள்ள. நல்ல அடையாளம்தான். மூக்குச் சாற இன்னும் ஒரு வேளை கூட்டு" என்றார். பார்வை போவது நல்ல அடையாளமாம். அந்த வாய்க்கு என்ன போடுவது?

கூட்டினார்கள். அவளும் படுத்தாள். ஏன் படுத்தாள் என்று கேட்பவர்கள், ஒரு காம்பராவுக்குள் இரண்டு பேருக்கு எதிராக ஒருத்தியாக இருந்து பார்த்தவர்கள் இல்லை.

பிறகு ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் சிதம்பரநாதன் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். கூட கொஸ்லந்தையிலிருந்து இராசையா என்று ஒரு மனிதர், அவருடைய மகள் லக்ஷனா. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை. அவளுக்கும் அதே இடத்தில் கட்டியாம். ஆனால் அது வேறு மாதிரிக் கட்டி, மாத்திரைக்கு மசியாது, மூக்கு வழியாகக் கருவி விட்டு எடுக்கவேண்டும் என்று டொக்டர்மார் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். தகப்பனுக்குப் பயம். சுகமான பெண்ணைக் கண்ணால் பார்த்தால் ஒபரேஷனை வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று வந்திருந்தார்.

நல்லம்மா கலாராணியை நல்ல சேலை உடுத்தவைத்து இஸ்தோப்பு வாங்கில் உட்காரவைத்தாள். எதிரே பணிய லயத்து இஸ்தோப்பில் இராக்கம்மா அரிசி புடைக்கிற சாக்கில் காதை இங்கே வைத்துக்கொண்டிருந்தாள். சிதம்பரநாதன் முற்றத்தில் நின்று, கலாராணியைக் கையால் காட்டிக்காட்டி, சந்தை மாட்டைக் காட்டுகிற மாதிரிச் சொன்னார்.

"பாருங்க இராசையா. இந்தப் புள்ளைக்கும் மூளையில கட்டி. இன்னைக்குப் பாருங்க எப்படி இருக்கான்னு. பால் நின்னுச்சு, கட்டி கரைஞ்சிருச்சு. நல்லம்மா, அதக் கொண்டுவந்து காட்டுங்க."

கிண்ணம் வந்தது. தட்டுத் திறந்தது. அன்று காலையில் எடுத்தது, வெயிலில் தோல் படர்ந்து கிடந்தது. இராசையா குனிந்து பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இவ்வளவும் மூளையிலருந்தா வந்துச்சு?" என்று கேட்டார்.

"வேற எங்கருந்து?" என்றார் சிதம்பரநாதன்.

கலாராணியின் கையில் அப்போதுதான் யாரோ ஒரு கோப்பைச் சூடான தேத்தண்ணியைக் கொடுத்திருந்தார்கள். கிண்ணத்து வாடையில் அவளுக்கு அதைக் குடிக்க முடியவில்லை. பக்கத்தில் வாங்கு காலியாகத்தானே இருக்கிறது என்று, கிண்ணத்திலிருந்து பார்வையை எடுக்காமலே கோப்பையை இடதுபக்கம் வைத்தாள். கோப்பை ஒரு தொடை மேல் சரிந்தது. ஒரு பிள்ளை அலறியது.

கலாராணி தலையை முழுக்கத் திருப்பினாள். லக்ஷனா பாவாடையை உதறிக்கொண்டு நின்றாள்.

"எப்ப வந்து இங்க ஒக்காந்த?" என்று கேட்டாள் கலாராணி.

"வந்ததுலருந்து இங்கதான் அக்கா. ஒங்க பக்கத்துலயேதான் இருந்தேன்."

கலாராணி தண்ணீர் எடுத்துப் பிள்ளையின் தொடையில் ஊற்றினாள், ஈரத்துணியைப் போட்டாள். பிறகு இராசையாவிடம் வந்து நின்றாள். அவளுடைய குரல் உயரவில்லை.

"அண்ணே, பால் நின்னது உண்மை. கட்டி கரையல. அது கண்ணு நரம்ப அமத்துது. ஒங்க மக இவ்வளவு நேரம் தோளோட தோளா இருந்தது எனக்குத் தெரியல. டொக்டர் மொதல் நாளே சொன்னாங்க, இப்படி ஆகும்னு. ஆஸ்பத்திரியில நாள் குடுத்திருந்தா அந்த நாளைக்கே புள்ளயக் கூட்டிட்டுப் போங்க. இந்தக் கிண்ணத்துல இருக்கிறது என் மூக்குச் சளி. வேற ஒண்ணுமில்ல."

"பத்தியத்த முறிச்சிருக்கா" என்றார் சிதம்பரநாதன். விபூதிக்கு மேலே வியர்த்திருந்தது. "கருவாடு தின்னிருப்பா. வெளியில சொல்ல மாட்டாளுவ."

"உப்பக்கூட நாக்குல வைக்கலங்க. நீங்க தந்த எல்லாத்தையும் முழுங்குனேன். வாந்தி வந்தப்ப அதையும் சேத்து முழுங்குனேன். ஒரு தடவையாவது என் கண்ணப் பாத்தீங்களா நீங்க?"

இராசையா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வானுக்கு நடந்தார். சிதம்பரநாதனும் அதே வானில்தான் வந்தவர். வேறு வழியில்லாமல் பின்னாலேயே போய் ஏறினார். பதுளை வரைக்கும் அந்த மூன்று பேரும் என்ன பேசிக்கொண்டு போனார்களோ.

நல்லம்மா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எதிர் இஸ்தோப்பில் சுளகு அசையாமல் நின்றது. இராக்கம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள்.

"என் மானத்த வாங்கிட்டியேடி. மூணு லயமும் இதப் பாத்துத்தான் நம்புச்சு. இனி நாமதான் புள்ளயக் கொன்னோம்னு சொல்லுவாளுவ. தெரியுமா ஒனக்கு?"

"சொல்லட்டும் மாமி. எனக்குக் கண்ணு வேணும்."

"நாளைக்குப் பேசிக்கலாம்" என்றான் கிருஷ்ணராஜ், சுவரைப் பார்த்து.

மறுநாள் காலை பெரட்டுக்குச் சனம் போய்க்கொண்டிருந்த நேரம். கலாராணி குளித்து, தலை சீவி, ஆஸ்பத்திரியில் கொடுத்த தலைப் படத்தைச் சேலைத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒளித்துக்கொண்டு கிளம்பவில்லை. யாருடைய ஆட்டோவும் வந்து நிற்கவில்லை. எந்த ஆம்பிளையும் ரோட்டில் காத்திருக்கவில்லை. பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்கக் கிளம்பினாள்.

நல்லம்மா கசாயக் கோப்பையோடு வாசலில் நின்றாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு மாமி."

"இதக் குடிச்சுட்டுப் போ."

கலாராணி கோப்பையை வாங்கினாள். கசாயத்தை அடுப்படிப் பக்கம் கொண்டுபோய்க் கானில் ஊற்றி, கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"வாசலத் தாண்டுனா திரும்பி வராத" என்றாள் நல்லம்மா. அழுகிறாளா, ஏசுகிறாளா என்று தெரியாத குரல்.

கிருஷ்ணராஜ் உள்ளேயிருந்து எழுந்து வந்தான். "தனியாவா போற? பக்கத்துல வாரது தெரியலங்கற. ரோட்டுல லொறி வரும்."

"தெரியலதான். நீங்க கூட வாங்க. ஒரு பக்கம் நீங்க பாத்தாப் போதும், மத்தப் பக்கம் நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்குவேன்."

அவன் செருப்பைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கலாராணி காத்திருந்தாள். ஒரு ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு சட்டைப் பித்தானைப் போட எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைவிடக் கூடவே காத்திருந்தாள். அவன் சுவருக்குத் திரும்பினான்.

நல்லம்மா வாசலை விட்டு நகரவில்லை. கலாராணி அவளை இடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. இரண்டு கையையும் நீட்டி நிலையின் இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்து, மாமியாருக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் நின்று தலையை இந்தப் பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பதுளை ரோட்டுக்கு இறங்குகிற பாதையில் நடந்தாள்.